உல்லாசக் கப்பலில் காங்கேசன்துறை வரை

கப்பலில் எங்களுக்குத் தந்த அறைக்கு யன்னல் இல்லை. யன்னல் இருக்கவேண்டிய இடத்தில் நீலத் திரைச்சீலை ஒன்று தொங்கியது. இழுத்துப் பார்த்தேன். பின்னால் சுவர். சுவருக்கு எதற்குச் சீலை என்று அறையைத் துப்புரவாக்க வந்தவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். "வெறும் சுவரைப் பார்த்தால் சிலருக்கு மூச்சு முட்டுகிறது, ஐயா" என்றார். சீலை கட்டிய சுவரைப் பார்த்தும் எனக்கு முட்டியது.

உல்லாசக் கப்பலில் போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு முதல் புத்திமதி அதுதான். உள்ளறை என்று எழுதியிருந்தால் எடுக்காதீர்கள். வசதி இல்லாவிட்டால் எடுங்கள். ஆனால் நடுக்கப்பலில், கீழ்த்தட்டில் கேட்டு வாங்குங்கள். கடல் ஆடும்போது முன்மூக்கைத்தான் அதிகம் தூக்கிப் போடும். எங்களுடைய அறை முன்மூக்கில், ஒன்பதாம் தட்டில். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுக்கு அது என்னைச் சுளகில் போட்ட அரிசிபோலப் புடைத்தது.

நான் நில அளவைப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கண்டதை எண்ணாமல் விட எனக்குத் தெரியாது. அந்தக் கப்பலில் எட்டு லிப்ட் இருந்தன, ஓடியவை ஐந்து. நீச்சல் குளத்தைச் சுற்றிச் சாய்கதிரை நூற்றுப்பத்து. அதில் துவாயை விரித்து இடம் பிடித்துவிட்டு ஆளைக் காணாதவை எழுபத்துமூன்று. இப்படி எண்ணுவதைத் தவிர எனக்கு அங்கே வேறு உல்லாசம் இருக்கவில்லை.

உல்லாசத்துக்காக நான் போகவும் இல்லை. என் ஒரே மகன், நாங்கள் தம்பி என்று கூப்பிடும் குகன், இருபத்தாறு வருடமாகப் பிரான்சில் இருக்கிறான். அகதியாகப் போனவன். அவனிடம் பாஸ்போர்ட் கிடையாது. அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அது இலங்கை தவிர்ந்த எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று உள்ளே அச்சடித்திருக்கிறது. மீறி இங்கே வந்தால் அங்கே கொடுத்த இருப்பிட உரிமை போய்விடும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு இரண்டு தரம் விண்ணப்பித்தான். இரண்டு தரமும் மொழிப் பரீட்சையில் விழுத்தினார்கள். உணவகக் குசினியில் தமிழரோடு நின்று கோப்பை கழுவுகிறவனுக்குப் பிரெஞ்சு எங்கேயிருந்து வரும்?

என் மனைவி ஈசுவரிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூன்று நாள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். அதனால் அவள் எந்த நாட்டுக்கும் போக முடியாது. அவன் எங்கள் நாட்டுக்கு மட்டும் வர முடியாது. தினமும் போனில் முகம் பார்க்கிறார்கள். "கண்ணாடிக்குள்ளை தெரியிற பிள்ளையை எவ்வளவு காலத்துக்குப் பாக்கிறது. ஒருக்கால் தொட்டுப் பாத்திட்டுச் சாகவேணும்" என்பதுதான் அவளுடைய கதை. வேறு கதை இல்லை.

இந்த நிலையில் குகன் ஒரு விளம்பரம் கண்டான். சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் ஒன்று அம்பாந்தோட்டைக்கும், பிறகு காங்கேசன்துறைக்கும் போய்த் திரும்புகிறது. காங்கேசன்துறை, பண்டத்தரிப்பில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்.

"கப்பல் எண்டால் வெளிநாட்டு மண்தானே அப்பா" என்றான் போனில். "நான் இறங்காட்டில் ஆர் என்ன செய்யிறது? அம்மாவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கோ. நீங்கள் என்னோடை கப்பலிலை வாங்கோ. உங்களோடையும் நாலு நாள் இருந்ததாய் இருக்கும்."

கப்பலில் மண்ணே இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனேன்.

சென்னைத் துறைமுகத்து வரிசையில் ஒரு வழுக்கைத்தலையர் என்னைப் பார்த்து "அப்பா" என்றார். போனில் முகம் தெரியும், உச்சந்தலை தெரிவதில்லை. அவனைவிட எனக்குத் தலைமயிர் அதிகம். "சாப்பிட்டியோ?" என்றேன். "ஓம். நீங்கள்?" என்றான். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு தகப்பனும் மகனும் நேரில் கதைத்தது அவ்வளவுதான். வரிசை நகர்ந்துவிட்டது.

ஈசுவரி அவனுக்கென்று பனங்காய்ப் பணியாரமும் எள்ளுப்பாகும் கட்டித் தந்திருந்தாள். பெட்டிகளைச் சோதிக்கும் மெசினடியில் நின்ற பெண், வெளிச்சாப்பாடு கப்பலில் ஏற்றக்கூடாது என்றாள். நான் வாதாடத் தொடங்கினேன். குகன் பார்சலை வாங்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்று பணியாரத்தைத் தின்னத் தொடங்கினான். பின்னால் வந்த ஐந்து குடும்பங்கள் எங்களைக் கடந்து போயின. நாற்பத்தைந்து வயது மனிதன், நல்ல சட்டை போட்டவன், சுவரைப் பார்த்துக்கொண்டு பதினாலு பணியாரம் தின்றான். எள்ளுப்பாகு வயிற்றில் இடமில்லாமல் குப்பைத் தொட்டிக்குப் போனது.

ஆகவே, வீட்டுப் பலகாரத்தைக் கப்பலுக்குக் கொண்டு போகாதீர்கள். மருந்துக் குளிசைகளைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். பெட்டியை அவர்கள் வாங்கிக்கொண்டு பின்னேரம்தான் அறைக்கு அனுப்புவார்கள். என்னுடையது வேறு தட்டுக்குப் போய், யாரோ ஒரு குஜராத்திக்காரரின் கட்டிலில் என் வேட்டி இருந்ததாம். இந்தியாவிலிருந்து ஏறி இந்தியாவில் இறங்குகிற வெளிநாட்டவர்கள் இரண்டு தரம் நுழையும் விசா எடுக்கவேண்டும் என்பதையும் யாரும் சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன்.

ஏறும்போது எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்தார்கள். குகனுடைய நீலப் புத்தகத்தை வாங்கிய பெண் அதைப் புரட்டி, பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டி, ஒரு மஞ்சள் தாளை ஒட்டினாள். வேறு எவருடையதிலும் ஒட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் முழுக்கக் கடல். உல்லாசக் கப்பலில் கடல் நாள் என்றால் சாப்பாட்டு நாள். காலையில் பதினெட்டு வகை. இடியப்பம் மட்டும் இல்லை. மத்தியானம் சாம்பார் மூன்று வகை, மூன்றிலும் சீனி. கதவு திறக்கும் நேரத்தில் போகாதீர்கள். எல்லோரும் அப்போதுதான் வந்து, ஊரில் பஞ்சம் வந்ததுபோல அள்ளுவார்கள். அரை மணி பிந்திப் போனால் கதிரையும் கிடைக்கும், பணியாளர்களின் முகத்தில் சிரிப்பும் மிச்சம் இருக்கும். தலை சுற்றினால் அறைக்குள் போய்ப் படுக்கவேண்டாம். மேல்தட்டுக்குப் போய்த் தூரத்துக் கடல் விளிம்பைப் பாருங்கள். வெறும் வயிறும் கூடாது. நிரம்பிய வயிறும் கூடாது. இரண்டு துண்டுப் பாணும் ஒரு தேசிக்காய்ப் புளியும் என்னைக் காப்பாற்றின.

குகன் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கவில்லை. மேசைகளில் மிச்சம் விட்டுப்போன கோப்பைகளைத்தான் பார்த்தான்.

"உதெல்லாம் கழுவுறவன் எத்தினையாம் தட்டிலை இருப்பான் அப்பா?"

"யன்னல் இல்லாத தட்டிலை."

"அப்ப எங்கடை தட்டிலைதான்" என்றான். அந்தப் பயணத்தில் அவன் சிரித்தது அப்போதுதான்.

எங்கள் மேசையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் இருந்தார்கள். நல்ல மனிதர்கள். அதுதான் தொந்தரவு.

"யாழ்ப்பாணமா சார் நீங்க? நாங்க அங்க இறங்கறோம். அரை நாள்ல என்னென்ன பார்க்கலாம்?"

நல்லூர், கீரிமலை, கோட்டை என்று வரிசையாகச் சொன்னேன். ராசவள்ளிக்கிழங்கு கண்டால் வாங்கச் சொன்னேன்.

"நீங்க எங்கெங்க போறீங்க?"

"நாங்கள் இறங்கவில்லை."

"என்ன சார் இது, சொந்த ஊருக்குக் கப்பல்ல வந்துட்டு இறங்காமப் போறீங்களா?"

"உடம்பு சரியில்லையா?" என்றார் மனைவி, குகனைப் பார்த்து.

"புத்தகம் சரியில்லை" என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தவும் இல்லை.

பின்னேரம் ஆபத்து ஒத்திகை என்று எங்களை வரிசையாக நிறுத்தி, கடலில் மிதக்கிற செம்மஞ்சள் அங்கியைக் காட்டினார்கள். கப்பலில் ஏறியவர்கள் மறக்காமல் போகவேண்டிய ஒரே நிகழ்ச்சி அதுதான். பாட்டுக் கச்சேரியை விடலாம். நான் நின்ற வரிசையில் அங்கியைச் சரியாகக் கட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்: நானும் குகனும்.

சண்டைக் காலத்தில் தரைப்பாதை பூட்டியிருந்தபோது காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலில்தான் போவோம். குகனைக் கொழும்புக்குக் கொண்டுபோய் வெளிநாட்டுக்கு அனுப்பியதும் அந்தக் கப்பலில்தான். சரக்கு ஏற்றுகிற அடித்தளத்தில் இரண்டு பேருக்கு ஒரு பாய். கட்டிக்கொண்டு போன பிட்டுத்தான் சாப்பாடு. நாற்பது பேருக்குச் சத்தி எடுக்க ஒரு வாளி. பாட்டும் இல்லை, சாய்கதிரையும் இல்லை. ஆனால் அந்தக் கப்பலில் ஒரு வசதி இருந்தது. கரைக்குப் போனதும் எல்லோரும் இறங்கலாம்.

அம்பாந்தோட்டையில் குடிவரவு அதிகாரிகள் கப்பலுக்குள் வந்து, கச்சேரி மண்டபத்தில் மேசை போட்டு இருந்தார்கள். இறங்குகிற எல்லோருக்கும் முத்திரை விழுந்தது. யானை பார்க்கப் போகும் பஸ்களில் ஏறப் போனார்கள். மஞ்சள் தாள் ஒட்டிய புத்தகத்தை மட்டும் ஒருவர் எடுத்துத் தனியே வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். நடுத்தர வயது, மூக்குக்கண்ணாடி, முன்னால் ஆறிப்போன தேத்தண்ணீர்.

நான் உத்தியோக காலத்தில் மாத்தறைப் பக்கம் இருந்தவன். சிங்களம் தெரியும். மகன் இறங்க வரவில்லை என்றும், தாயின் சிறுநீரக வருத்தம் இன்னது என்றும், காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கு அவள் வருவாள் என்றும் சொன்னேன். அவர் குறுக்கே கதைக்காமல் கேட்டார். பிறகு சிங்களத்தில் இப்படிச் சொன்னார்:

"இவர் மண்ணில் கால் வைத்தால் நான் எழுதவேண்டும். எழுதினால் அது பிரான்ஸ்வரை போகும். ஆனால் கப்பலின் ஏணி கப்பலுக்குச் சொந்தம். ஏணியின் கடைசிப் படியில் நின்றால் எனக்கு எழுத ஒன்றும் இல்லை."

அந்த இடத்திலேயே காங்கேசன்துறைக்குப் போன் எடுத்துக் கதைத்தார். கதைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நாளைக்குப் பத்து மணிக்குத் துறைமுக வாசலுக்கு வரட்டும். உள்ளே வாகனத்தில் ஏற்றி ஏணியடிக்குக் கொண்டுவருவார்கள். கால் மணித்தியாலம் நிற்கலாம். ஒரு பெயர்தான் கொடுத்திருக்கிறேன். ஐயா, ஒரு பெயர் என்றால் ஒரு பெயர்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அப்படிச் செய்கிற வழக்கம் எனக்கு இல்லை.

அம்பாந்தோட்டையில் என்னுடைய உள்ளூர்ப் போன் வேலை செய்தது. பட்டன் போன், கதைக்க மட்டும்தான் உதவும். கப்பலில் இணையத்துக்கு அவர்கள் கேட்பது அநியாயம், வாங்காதீர்கள். ஈசுவரியைக் கூப்பிட்டேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு. நீர் மட்டும். தவத்தின்ரை வானிலை ஏறி வாரும். அவன் வெளியிலை நிக்கட்டும்." தவராசா அவளுடைய தம்பி.

"பிள்ளையைத் தொடலாமோ?"

"தொடலாம்."

போனை வைக்க முன்னம் ஒன்று சொன்னேன்.

"ஈசு, ஒருத்தருக்கும் சொல்லாதையும். விளங்கிச்சோ?"

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்" என்றாள். அந்தப் பதிலில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவள் அப்படிச் சொல்வது எப்போது என்று நாற்பத்தெட்டு வருடமாக எனக்குத் தெரியும். ஆனால் சந்தோசத்தில் விட்டுவிட்டேன்.

குகன் யானை பார்க்கப் போகவில்லை. ஏணியைப் பார்க்கப் போனான். கப்பலின் வயிற்றில் ஒரு வாசல், அதிலிருந்து கரைக்கு இறங்கும் இரும்பு ஏணி. திரும்பி வந்து, "கடைசிப் படி அகலம்தான். ரெண்டு காலும் வைச்சு நிக்கலாம். அம்மாவின்ரை காலிலை விழலாமோ அப்பா?" என்று கேட்டான்.

யோசித்தேன். குனிந்து விழுந்தால் கை நிலத்தில் படும். கால் பட்டால் எழுதவேண்டும் என்றார் அதிகாரி. கை பட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

"விழாதை. கும்பிடு. போதும்."

அடுத்த நாள் விடிய எழும்பி மேல்தட்டுக்குப் போனோம். காங்கேசன்துறை வந்துகொண்டிருந்தது. வெளிச்சவீட்டை முதலில் காட்டினான். பிறகு உடைந்துபோய் நிற்கிற சீமெந்துப் பக்டரி. "சின்னனிலை சைக்கிள் பாரிலை வைச்சுக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினியள்" என்றான். எனக்கு ஞாபகம் இல்லை. இருக்கிறது என்று சொன்னேன்.

கப்பலைக் கட்டினார்கள். பஸ்கள் வந்து ஏணியடியில் நின்றன. கோயம்புத்தூர்க்காரர் தொப்பி போட்டுக்கொண்டு எங்களுக்குக் கை காட்டிவிட்டு இறங்கினார். குகன் சவரம் செய்து, பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையைப் போட்டிருந்தான். ஒரு பையில் தாய்க்கு என்று கம்பளிச் சால்வை. யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் கம்பளி.

துறைமுக வாசல் கப்பலிலிருந்து கிழக்கே, களஞ்சியங்களுக்கு அப்பால், கம்பி வேலியோடு இருந்தது. பத்து மணிக்கு முன்னமே குகன் சொன்னான்: "அப்பா, வான் வந்திட்டுது." கொஞ்சம் பொறுத்து, "இன்னொரு வானும் வருது" என்றான். பிறகு, "மூண்டு ஓட்டோ."

"எத்தினை பேர்?"

"இருபத்தைஞ்சுக்குக் கூட" என்றான். அவனுடைய குரலில் சந்தோசம் இருந்தது. அவனுக்கு விளங்கவில்லை. அதிகாரி கொடுத்தது ஒரு பெயர்.

அவனைக் கடைசிப் படியில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, ஏணியின் மேல் வாசலில் நின்று தவத்தின் போனுக்கு எடுத்தேன். ஈசுவரிதான் கதைத்தாள்.

"இஞ்சாருங்கோ, கேற்றடியிலை நிக்கிறம்."

"நிக்கிறமோ? ஆரார்?"

பின்னால் ஒரு கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

"தவம் ஆருக்கெல்லாம் சொன்னவன்?"

"அவனை ஏசாதேங்கோ. நான்தான் சொன்னனான்." மூச்சு வாங்கினாள். "கிழமையிலை மூண்டு நாள் என்னை ஆர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது? உங்களாலை ஏலுதோ? பக்கத்து வீட்டு ராசாத்தி சமைச்சுத் தாறாள். கனகண்ணை ஓட்டோவிலை கொண்டுபோய், மெசின் முடியுமட்டும் வெளியிலை குந்தியிருக்கிறார். இவைக்குச் சொல்லாமல் என்ரை பிள்ளையைக் களவாய் வந்து பாத்திட்டுப் போறதோ? நாளைக்கு எந்த முகத்தோடை அந்த ஓட்டோவிலை ஏறுறது?"

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் நன்மை தின்மை என்கிற நல்லது கெட்டது எதுவானாலும் வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டும். சொன்னால் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். சொல்லாமல் விட்டால் அந்த வீட்டுப் படியை மிதிக்கமாட்டார்கள், செத்தவீட்டுக்கும் வரமாட்டார்கள். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு மகனைக் காணப்போகிறவள் சொல்லாமல் விடமுடியாது. சொன்னவர்கள் வராமல் விடவும் முடியாது. வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தாங்கிப் பிடித்திருக்கிறவர்கள். யாரைக் கோபிப்பது?

அப்படியிருந்தும் காரியம் கெடாமல் போயிருக்கலாம். தவம் போனை வாங்கினான்.

"அத்தான், ஒண்டும் யோசியாதேங்கோ. அக்காவை விடுறம் எண்டவங்கள். நான்தான், வருத்தக்காரி, பிடிக்க ரெண்டு பேர் கூட வேணும் எண்டு கேட்டனான். கேற்றடியிலை நிண்ட நேவிப் பெடியன் தலையாட்டினான். அப்ப ராசாத்தியும் வரட்டும் எண்டன். பிறகு மற்றவையும்..."

"எத்தினை பேருக்குக் கேட்டனி?"

"ஒரு ஆளுக்கு விடுறவங்கள் ஆறு பேருக்கு விடமாட்டினமே அத்தான்?"

தவம் கதைத்துக்கொண்டிருக்கும்போதே போனில் அவனுக்குப் பின்னால் காவல் கடற்படைக்காரன் தன்னுடைய போனில் சிங்களத்தில் கதைப்பது எனக்குக் கேட்டது. "ஒரு பெயர்தான் தந்தார்கள் சேர், இங்கே கூட்டம் வந்து நிற்கிறது. ஆறு பேரை விடச் சொல்கிறார்கள். ஓம் சேர். ஓம். ஒருவரையும் விடவில்லை, சேர்." அங்கே நின்றவர்களில் எவருக்கும் சிங்களம் தெரியாது. எல்லோரும் சந்தோசமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிய முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது.

போனை அந்தக் கடற்படைக்காரனிடம் கொடுக்கச் சொன்னேன். "தம்பி, தாயை மட்டும் விடு" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"ஐயா, அவர் மட்டும் வந்து நின்றிருந்தால் இதற்குள் விட்டிருப்பேன். நான் மேலிடத்துக்குச் சொல்லிவிட்டேன். சொன்னதை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது." மரியாதையாகத்தான் சொன்னான்.

துறைமுகத்தில் உறவினரைச் சந்திக்க ஒழுங்கு செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைத்த அனுமதியை இழுத்துப் பெருப்பிக்கப் பார்க்காதீர்கள். அது சவ்வுபோல இழுபடாது. அறுந்துவிடும்.

நானே இறங்கிப் போய்க் கதைக்கப் பார்த்தேன். ஏணி வாசலில் நின்ற கப்பல் உத்தியோகத்தர் மறித்தார். இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இறங்கினால் ஊருக்கு வந்து சேர்ந்தவன் என்று கணக்கு. திரும்ப ஏறமுடியாது என்றார். போனைத் திரும்ப வாங்கியிருந்த ஈசுவரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் இறங்காதேங்கோ. பிள்ளை தனிய நிக்கும்" என்றாள். பிறகு, அழாமல், "என்னை விடமாட்டினமாம், என்ன?" என்று கேட்டாள்.

"ஓம்."

கீழே பார்த்தேன். குகன் கடைசிப் படியில் கம்பளிச் சால்வைப் பையோடு நின்றான். அவனுக்கும் சீமெந்துத் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். "ஏறி வா தம்பி" என்றேன். அவன் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தான். அங்கேயே நின்று தரையைப் பார்த்தான். பிறகு ஏறினான்.

கடைசிப் பஸ் அப்போது புறப்பட்டு வாசலால் வெளியே போனது. எங்கள் ஆட்கள் விலகி நின்று அதற்கு வழி விட்டார்கள். கீரிமலைக்குப் போகிறவர்கள் உள்ளேயிருந்து அவர்களுக்குக் கை காட்டினார்களாம். தவம் பிறகு சொன்னான்.

நாங்கள் திரும்பவும் மேல்தட்டுக்குப் போனோம். குகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னுடைய போனில் தாயோடு கதைத்தான். அந்த வாசலடியில் போனைத் தூக்கிப் படம் எடுக்கவோ முகம் பார்த்துக் கதைக்கவோ விடுவதில்லை. குரல் மட்டும்தான்.

"அம்மா, எங்கை நிக்கிறியள்?... தவம் மாமாவுக்குப் பக்கத்திலையோ? மாமா எப்பிடி இருப்பார் எண்டு எனக்கென்ன தெரியும்... சீலை என்ன நிறம்?... அரக்கோ?... இல்லை அம்மா, வெயில் உங்களுக்குப் பின்னாலை நிக்குது. இஞ்சை பாக்க எல்லாம் கறுப்பாய்த்தான் தெரியுது. கையைத் தூக்குங்கோ. நான் கண்டுபிடிச்சிடுவன்."

அவள் கையைத் தூக்கியிருப்பாள். தம்பி கையைத் தூக்கச் சொல்கிறான் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் சொல்லியிருப்பாள்.

"எல்லாரும் தூக்கினம் அப்பா" என்றான் குகன். அப்படியே போனில், "அம்மா, மற்றவையை இறக்கச் சொல்லுங்கோ. நீங்கள் மட்டும்..." என்றவன் நிறுத்திக் கேட்டான். பிறகு போனை என்னிடம் நீட்டினான். "சொல்லமாட்டாவாம். எல்லாரும் என்னைப் பாக்கத்தான் வந்தவை, பாவங்களாம்."

நான் போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் கடற்படைக்காரன் வான்களை எடுக்கச் சொல்வது கேட்டது. யாரோ ஒரு பெண் "தம்பீ" என்று கத்தினாள். அது ராசாத்தியாக இருக்கவேண்டும்.

"அப்பா, நீங்கள் எண்ணுவியள்தானே" என்றான் குகன். "கெதியாய். இடப்பக்கத்திலையிருந்து அம்மா எத்தினையாவது?"

எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. அதிலும் தூரம் சரியில்லை. மற்றதில் இன்னும் எடுக்கவில்லை. நிலத்தில் போட்ட அளவுக்கல்லை வரம்புக்கு அப்பாலிருந்து பார்த்துச் சொன்ன கண்கள் இவை. களஞ்சியங்களுக்கு அப்பால் எனக்கு வெளிச்சம் தெரிந்தது. அதன் அடியில் கரிக்கோடு இழுத்ததுபோல ஏதோ ஒன்று. அதில் ஆட்களும் இல்லை, கைகளும் இல்லை.

"ஏழாவது" என்றேன்.

அவன் விரலை நீட்டி, உதடு அசைய எண்ணினான். ஏழில் விரல் நின்றது. "ஓம் அப்பா. கண்டிட்டன்" என்றான். சால்வைப் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான்.

போனில் ஈசுவரி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, தம்பி என்னைப் பாக்கிறானோ?"

"ஓம்" என்றேன். "உம்மைத்தான் பாக்கிறான்."